மாத்திரையா, பிரஷரா

எனக்கு பிரஷர் இருப்பது தெரிந்தபோது வயது இருபத்தெட்டு. கல்யாணமாகி ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. குழித்துறையில் ஒரு மருந்துக்கடையில் வேலை பார்த்தேன், இப்போதும் அங்கேதான். கடைக்குப் புதிதாக பிரஷர் பார்க்கும் மெஷின் ஒன்று வந்தது. அது சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்க முதலாளி என் கையைக் கேட்டார். பட்டை இறுகி, ஊதி, தளர்ந்தது. நூற்று ஐம்பத்தெட்டு, நூற்று நான்கு என்று காட்டியது.

"மெஷின் கேடாக்கும்" என்று சொல்லி, தன் கையில் கட்டிப் பார்த்தார். அவருக்கு நூற்று இருபது, எண்பது. மறுபடி என் கையில் கட்டினார். நூற்று அறுபது. அவர் முகத்திலிருந்த சிரிப்பு போய்விட்டது.

அந்த வாரமே நானும் கணவரும் டாக்டரைப் பார்த்தோம். ரத்தம், சிறுநீர், கிட்னி ஸ்கேன் என்று எல்லாம் பார்த்தார். எதிலும் குறையில்லை. அப்பாவுக்கு பிரஷர் உண்டு என்று சொன்னதும், அப்படியானால் அந்த வழிதான் என்றார். தினமும் காலையில் ஒரு மாத்திரை எழுதினார். அப்பா சாப்பிடுகிற அதே மாத்திரை.

அன்றைக்கு அந்த டாக்டர் என்னென்ன சொன்னார் என்பதில்தான் எங்கள் வீட்டுக் குழப்பம் தொடங்குகிறது. "குழந்தைக்கு ஆசைப்பட்டால் முன்னாடியே வந்து சொல்லணும்" என்று அவர் சொன்னதாக எனக்கு ஒரு நினைவு. சீட்டை எழுதி முடித்து, பேனாவை மூடிக்கொண்டே சொன்னார். அந்தப் பேனா மூடியின் நீல நிறம்கூட ஞாபகம் இருக்கிறது. கணவர் இல்லவே இல்லை என்கிறார்.

"அவரு அப்பிடி ஒரு வாக்கு சொல்லல்ல கேட்டியா. எனக்கு நல்ல ஓர்ம உண்டு. உப்பு குறைக்கச் சொன்னாரு, நடக்கச் சொன்னாரு, அவ்வளவுதான்."

சொல்லியிருந்தால் தவறு என் பக்கம். சொல்லவில்லை என்றால் டாக்டர் பக்கம். எனக்கு வேண்டியதை நான் நினைத்துக்கொள்கிறேன் என்றால், என்னைக் குற்றவாளியாக்குகிற நினைவை ஏன் பிடித்துக்கொண்டிருக்கிறேன் என்பதும் புரியவில்லை.

எனக்கு மாதவிலக்கு என்றுமே நாள் கணக்கில் வந்ததில்லை. அதனால் தள்ளிப்போனபோது நான் கவனிக்கவில்லை. பக்கத்து டீக்கடையிலிருந்து உளுந்த வடை வாசம் வந்தால் குமட்டியபோதுதான் சந்தேகம் வந்தது. கடையிலிருந்தே பரிசோதனை அட்டை ஒன்றை எடுத்து வந்து, விடிந்ததும் பார்த்தேன். இரண்டு கோடுகள். கணவர் அரசு பஸ் டிரைவர். காலை முதல் வண்டிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவரிடம் காட்டினேன். சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே என்னைக் கட்டிக்கொண்டார். அன்று அவர் பேச்சிப்பாறை வண்டி ஓட்டினார். போகும் வழியெல்லாம் ஹார்ன் அடித்ததாகக் கண்டக்டர் பிறகு என்னிடம் சொன்னார்.

மறுநாள் கடையில் அந்த மாத்திரையின் புதுப் பெட்டி ஒன்றைப் பிரித்தேன். ஒரு பெட்டியில் பத்து அட்டை இருக்கும். அவற்றோடு தீப்பெட்டி அளவுக்கு மடித்த தாள் ஒன்றும் இருக்கும். பொடிப்பொடியான ஆங்கில எழுத்து. நாங்கள் யாரும் அதைப் படிப்பதில்லை. வாங்க வருகிறவர்களுக்கும் கொடுப்பதில்லை. நேராகக் குப்பைக்கூடைக்குப் போகும். நான் பி.எஸ்ஸி. படித்தவள். மருந்தாளுநர் படிப்பு படித்தவர் முதலாளி. நான் அவரிடமிருந்து வேலை கற்றவள். நான்கு வருடத்தில் எத்தனை தாள்களை அப்படிப் போட்டிருப்பேன் என்று தெரியாது. அன்று ஏனோ பிரித்தேன். நடுவில் கறுப்புக் கட்டத்துக்குள், கர்ப்பம் என்று தெரிந்ததும் இந்த மருந்தை நிறுத்த வேண்டும், வளரும் கருவுக்கு ஊறு நேரலாம் என்று போட்டிருந்தது.

நிறுத்த வேண்டும் என்பது மட்டும்தான் என் கண்ணில் பட்டது. வேறு மருந்துக்கு மாற வேண்டும் என்று கீழே எங்காவது இருந்ததா, என் கண்தான் அங்கே போகவில்லையா, சொல்லத் தெரியவில்லை. தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டேன். மறுநாளிலிருந்து மாத்திரை சாப்பிடவில்லை.

யாரிடமும் சொல்லவில்லை. முதலாளியிடம் சொல்ல வெட்கமாக இருந்தது. மருந்துக்கடையில் நிற்கிறவளுக்கு இதுகூடத் தெரியாதா என்று கேட்டுவிடுவாரோ என்று. கணவரிடம் சொன்னால், ஹார்ன் அடித்துக்கொண்டு போனவர் முகம் எப்படி ஆகும் என்று யோசித்தேன். வாயால் சொல்லாத வரை அது நடக்காத காரியம் என்றும் உள்ளுக்குள் ஓர் எண்ணம். பதினேழு நாள் அப்படிப் போனது. பின்கழுத்து வலித்தது. வாந்தியால் வருகிற வலி என்று நினைத்தேன்.

பதினெட்டாம் நாள் எங்கள் ஊர் சுகாதார நர்ஸ், கர்ப்பிணிகள் பட்டியலில் என் பெயரைப் பதிய வீட்டுக்கு வந்தார். பிரஷர் பார்த்தார். பட்டையைக் கழற்றாமலே இன்னொரு தடவை பார்த்தார்.

"ஏட்டி, நூத்தி எழுவது நிக்கு. உனக்குத் தலை சுத்தல்லியா?"

"கழுத்துதான் வலிக்கு, அக்கா."

"சேலை மாத்திட்டு இறங்கு. இப்பமே டாக்டர்ட்ட போணும்."

மார்த்தாண்டத்தில் மகப்பேறு டாக்டர் என் சீட்டைப் பார்த்தார். வயதானவர், அவசரமில்லாமல் பேசுகிறவர். அன்று அவர் குரல் உயர்ந்தது.

"மாத்திரையை யாரு நிறுத்தச் சொன்னது?"

"தாள்ல போட்டிருந்து டாக்டர்."

"எந்தத் தாள்ல?"

பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். மூக்குக் கண்ணாடியை உயர்த்தி வாசித்தார். பிறகு தாளை என்னிடமே நீட்டினார்.

"இந்த மாத்திரையை நிறுத்தினது சரி. ஒரு மாத்திரையும் இல்லாம இத்தனை நாள் இருந்தது தப்பு. அன்னைக்கே இங்க ஓடி வந்திருக்கணும்."

இரண்டு வாக்கியமும் காதில் விழுந்தது. செய்தது சரியா தப்பா என்று கேட்கத் தோன்றியது. கேட்கவில்லை. கர்ப்பத்தில் சாப்பிடக்கூடிய வேறு மாத்திரை எழுதினார், நாளைக்கு மூன்று வேளை. இரண்டு வாரத்தில் பிரஷர் இறங்கியது. அன்று உடன் வந்து வெளியே உட்கார்ந்திருந்த அம்மாவிடம், மாத்திரை மாற்றியிருக்கிறார்கள் என்று மட்டும் சொன்னேன். கணவரிடமும் அதையே சொன்னேன். பொய்யில்லை. ஆனால் முழுவதும் இல்லை.

ஐந்தாம் மாத ஸ்கேனில், அதுவரை கை, கால், முதுகெலும்பு என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வந்த டாக்டர் பேச்சை நிறுத்தினார். கருவியை ஒரே இடத்தில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். என்னை இடதுபக்கம் சரியச் சொன்னார், பிறகு வலதுபக்கம்.

"ஹார்ட்ல ஒரு இடம் தெளிவா கிடைக்கலை. திருவனந்தபுரத்துல குழந்தைங்க இதயத்தை மட்டும் பாக்கிற டாக்டர் இருக்காங்க. ஒரு தடவை காட்டிடுங்க."

அடுத்த வாரம் நானும் கணவரும் போனோம். எனக்கு மலையாளம் புரியும். களியக்காவிளையிலிருந்து கடைக்கு வருகிறவர்கள் பாதிப்பேர் மலையாளம்தான் பேசுவார்கள். அன்று அந்த டாக்டர் பேசிய மலையாளம் மட்டும் எனக்குப் புரியவில்லை. வார்த்தை ஒவ்வொன்றும் தெரிந்த வார்த்தைதான். சேர்த்துக் கேட்டால் ஒன்றுமில்லை. கணவர்தான் தமிழில் சொன்னார். இதயத்தின் கீழ் அறைகள் இரண்டுக்கும் நடுவிலுள்ள சுவரில் ஓட்டை. சின்னதுமில்லை, பெரிதுமில்லை. தானாக மூடலாம், மூடாமலும் போகலாம். பிறந்த பிறகுதான் சொல்ல முடியும்.

பிறகு டாக்டர் மருந்து விவரம் கேட்டார். எந்த மாத்திரை, எந்த வாரம் வரை, அடுத்த மாத்திரை எப்போது தொடங்கியது. நான் சொன்னேன். நடுவில் பதினேழு நாள் இடைவெளி இருந்ததை அவர் எழுதிக்கொண்டார். பக்கத்து நாற்காலியிலிருந்த கணவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். அவர் அதை முதல்முறையாகக் கேட்டது அங்கேதான்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் ஜன்னலோரம் என்னை உட்காரவைத்துவிட்டு முன்னால் பார்த்துக்கொண்டே வந்தார். பாறசாலை தாண்டியது.

"என்னட்ட ஒரு வாக்கு சொல்லியிருக்கலாம்" என்றார்.

"சொன்னா என்ன செய்திருப்பீங்க?"

"தெரியல்ல. அன்னைக்கே டாக்டர்ட்ட கூட்டிட்டுப் போயிருப்பேன்."

"அதனாலதான் ஓட்டைன்னு நினைக்கீங்களா?"

"நான் அப்பிடிச் சொல்லல்லியே."

"இல்லன்னும் சொல்லல்ல."

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். கோபத்தில் பிடித்தாரா ஆறுதலுக்காகவா என்று தெரியாத அளவுக்கு இறுக்கிப் பிடித்திருந்தார்.

சேதி வீடு வீடாகப் போனது. அம்மா நான் சின்ன வயதிலிருந்து கருவாடு தின்றதைச் சொல்லி அழுதாள். உப்பால் பிரஷர், பிரஷரால் ஓட்டை, தின்னக் கொடுத்தது தான்தானே என்று. கணவரின் அக்கா, நான் மைனி என்று கூப்பிடுகிறவர், கிரகணத்தன்று நான் வெளியே நின்றேனா என்று கேட்டார். ஞாயிறுதோறும் ஆலயத்தில் எனக்குப் பக்கத்தில் உட்காருகிற அக்கா வீட்டுக்கு வந்து ஜெபித்துவிட்டு, இது ஆண்டவர் வைக்கிற பரீட்சை என்றார். யாரும் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அவர்களுக்கு ஒரு காரணம் கிடைத்துவிட்டது, அதைப் பிடித்துக்கொண்டு தூங்கப் போனார்கள். எனக்கு அதில் பொறாமைதான் வந்தது. நான் நாட்காட்டியை வைத்துக்கொண்டு எண்ணுவேன். இதயம் உருவாவது முதல் இரண்டு மாதத்தில் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதில் பெரும்பகுதி நான் பழைய மாத்திரையோடு இருந்த நாட்கள். கடைசி நாட்கள் மாத்திரையே இல்லாத நாட்கள். எந்த நாளில் அந்தச் சுவர் மூடாமல் நின்றது? நாட்காட்டியில் அதற்கு ஓர் அடையாளமும் இல்லை.

எட்டாம் மாதம் ஒரு ஞாயிறு காலை ஆராதனையில் பாட்டுப் புத்தகத்தைப் பார்த்துப் பாடிக்கொண்டிருந்தேன். வரியின் நடுவில் எழுத்துகள் காணாமல் போயின. அந்த இடத்தில் மின்மினி மாதிரி ஏதோ துடித்தது. மோதிரம் விரலை விட்டுக் கழல மறுத்து ஒரு வாரமாகியிருந்தது. கர்ப்பத்தில் எல்லாருக்கும் வீங்கும் என்று விட்டிருந்தேன். பக்கத்திலிருந்த அதே அக்காதான் என் முகத்தைப் பார்த்துவிட்டு, ஆண்கள் பக்கம் போய்க் கணவரைக் கூட்டி வந்தார். ஆஸ்பத்திரியில் பார்த்தபோது மாத்திரையையும் தாண்டிப் பிரஷர் ஏறியிருந்தது. சிறுநீரில் புரதம் இறங்கியிருந்தது.

"இனி காத்திருக்க முடியாது. தாய்க்கு வலிப்பு வந்திரும்" என்றார் மகப்பேறு டாக்டர்.

வலிப்பு வராமலிருக்க ஊசி போட்டார்கள். உடம்பெல்லாம் வெந்நீர் ஓடுகிற மாதிரி சூடு பரவியது. அந்தச் சூட்டில் கிடந்துகொண்டு நான் கேட்டேன்: "டாக்டர், இப்ப வந்த இந்த பிரஷராலதான் ஓட்டையா?"

"இல்லம்மா. அந்த ஓட்டை எப்பவோ வந்தாச்சு. இது இப்ப வந்தது. இது வேற."

எனக்கு முன்பே இருந்த பிரஷர், பதினேழு நாள் ஏறிய பிரஷர், இப்போதைய பிரஷர். மூன்றும் ஒரே பட்டையில்தான் தெரிகின்றன, அவர் வேறு வேறு என்கிறார். அதை யோசித்துக்கொண்டிருக்கும்போதே அறுவை அறைக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். மகள் பிறந்தாள். ஒரு கிலோ எழுநூறு. என் கணவரின் முழங்கை முதல் விரல் நுனி வரையான நீளம்தான் இருந்தாள். மூன்று வாரம் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தாள்.

ஓட்டை தானாக மூடவில்லை. பால் குடிக்கும்போது அவள் நெற்றியில் வியர்வை அரும்பும். பத்து தடவை உறிஞ்சுவாள், நிறுத்தி மூச்சு வாங்குவாள், மறுபடி உறிஞ்சுவாள். மலை ஏறுகிறவர்கள் நின்று நின்று ஏறுகிற மாதிரி. எடை கூடவில்லை. பிறந்த ஏழாம் மாதம் திருவனந்தபுரத்தில் அறுவை சிகிச்சை. காலையில் கொண்டுபோனார்கள், மதியம் தாண்டி வந்து சொன்னார்கள், ஒட்டுப்போட்டு மூடியாகிவிட்டது என்று. கணவர் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று அழுதார். நான் அழவில்லை. பச்சைத் தொப்பியைக் கூடக் கழற்றாமல் நின்ற அறுவை டாக்டரிடம், இது ஏன் வந்தது என்று கேட்டேன்.

"காரணம் தேடண்டா அம்மே. குட்டி சுகமாயி. அது போரே?" என்றார். காரணம் தேட வேண்டாம், குழந்தை சுகமாகிவிட்டாள், அது போதாதா என்று. போதும்தான். ஆனாலும் போதவில்லை. அதைச் சொல்ல எனக்கே கூச்சமாக இருந்தது.

மகளுக்கு இரண்டு வயதானதும் கடைக்குத் திரும்பினேன். ஒருநாள் என் வயதுள்ள ஒரு பெண் சீட்டை நீட்டினாள். நான் சாப்பிட்ட அதே மாத்திரை. கழுத்தில் மின்னுத் தாலி, முகத்தில் களைப்பு. அட்டையைக் கையில் எடுத்த நான் கொடுக்காமல் நின்றேன்.

"பிள்ளைக்கு ஏதாவது யோசனை உண்டா?" என்று கேட்டேன்.

அவள் முகம் இறுகியது. "அது என்னத்துக்கு உங்களுக்கு?"

"இல்ல, இந்த மாத்திரை…"

"அஞ்சு வருசமா எல்லாரும் இதத்தான் கேக்கீங்க. மருந்துக்கடையிலயுமா?"

சீட்டைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டாள். நான் அட்டையோடு நின்றேன். பின்னாலிருந்த முதலாளியிடம், அவளிடம் அப்படிக் கேட்டது தப்பா என்றேன்.

"தப்பில்ல. ஆனா எடுத்த உடனே கேட்டா அப்பிடித்தான் இருக்கும். டாக்டர்ட்ட ஒரு தடவை கேட்டுக்கோங்கன்னு சொல்லியிருக்கலாம்."

அவள் வேறு கடையில் வாங்கினாளா, கோபத்தில் வாங்காமலே விட்டாளா? வாங்காமல் விட்டிருந்தால் நான் நல்லது செய்தேனா, கெட்டதா? ரொம்ப நாள் அவளைத் தெருவில் தேடிக்கொண்டிருந்தேன். கண்ணில் படவில்லை. இப்போது அந்த மாத்திரை கேட்டு இளம்பெண்கள் வந்தால் முதலாளி சொன்ன மாதிரிதான் சொல்கிறேன். சிலர் தலையாட்டுகிறார்கள். சிலர் போனைப் பார்த்துக்கொண்டே வாங்கிப்போகிறார்கள்.

மகளுக்கு இப்போது ஐந்து வயது. நெஞ்சு நடுவில் ஒரு வெள்ளைக் கோடு இருக்கிறது. ஓடுகிறாள், மூச்சு வாங்குவதில்லை. பக்கத்து வீட்டுக் குழந்தைகளோடு சண்டை போட்டுக்கொண்டு வருகிறாள். வருடத்துக்கு ஒருமுறை திருவனந்தபுரம் போய்க் காட்டினால் போதும்.

போன மாதம் போனபோது கணவர் இரண்டாவது குழந்தைப் பேச்சை எடுத்தார். நானும் கேட்க நினைத்ததுதான். அன்று ஓட்டையைச் சொன்ன அதே இதய டாக்டர் இந்த முறை நாற்காலியைப் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்து, எங்களுக்காக மெதுவாகத் தமிழும் மலையாளமும் கலந்து சொன்னார். பிரஷர் உள்ள தாய்மாருக்குப் பிறக்கிற குழந்தைகளுக்கு, தாய் மாத்திரை சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும், இதயக் குறை கொஞ்சம் கூடுதலாக வருவதாகப் பார்த்திருக்கிறார்கள். அதனால் குற்றம் பிரஷரிடமே இருக்கலாம். முதல் மாதங்களில் சாப்பிட்ட மாத்திரையின் பேரில் உறுதியாகச் சொல்லத் தெளிவு இல்லை. பிந்தைய மாதங்களில் அந்த மாத்திரை குழந்தையின் கிட்னிக்குக் கெடுதல், அது நிச்சயம். அதனால் முன்கூட்டியே மாற்றுவதுதான் முறை. பிரஷரும் இல்லாமல் மாத்திரையும் இல்லாமல் இருக்கிற தாய்க்கும் இப்படிப் பிறக்கிறது. உங்கள் மகள் விஷயத்தில் எதுவென்று யாராலும் சொல்ல முடியாது.

வெளியே வந்து, மகளுக்கு இட்லி வாங்கிக் கொடுத்துவிட்டு உட்கார்ந்தோம். கணவரின் முகம் தெளிந்திருந்தது.

"கேட்டியா? மாத்திரையில ஒண்ணும் இல்லன்னு சொன்னாங்கல்லா."

"எப்பம் சொன்னாங்க? தெரியாதுன்னுதான சொன்னாங்க."

"பிரஷராக்கும் காரணம்னு சொன்னாங்க."

"இருக்கலாம்னு சொன்னாங்க. இஞ்சேருங்க, பிரஷர்னாலும் அந்தப் பதினேழு நாளும் அதுல உண்டு."

"அந்தப் பதினேழு நாளை நீ விட மாட்டியா?"

"நீங்க விட்டாச்சா?"

அவர் மகளின் வாயோரச் சட்னியைத் துடைத்தார். "நான் விட்டு எத்தனையோ காலம் ஆச்சு பிள்ளே. அன்னைக்கு பஸ்லயே விட்டாச்சு. நீதான் கேக்கல்ல."

அன்று பஸ்ஸில் கையைப் பிடித்தது அதற்குத்தானா என்று கேட்டேன். அவருக்குக் கை பிடித்த ஞாபகமே இல்லை.

இப்போது மகப்பேறு டாக்டர் சொன்னபடி, கர்ப்பத்தில் சாப்பிடக்கூடிய மாத்திரைக்கு முன்கூட்டியே மாறியிருக்கிறேன். மூன்று மாதம் பிரஷர் அடங்கி நிற்கட்டும், பிறகு யோசிக்கலாம் என்றார். யோசிப்பது எங்கள் வேலை என்றும் சொன்னார். காலையில் மெஷினை நானே கட்டிக்கொள்கிறேன். நேற்று நூற்று இருபத்தெட்டு, எண்பத்திரண்டு. டூட்டிக்குக் கிளம்பி நின்ற கணவர் எட்டிப் பார்த்து, "செரியா?" என்று கேட்டார். பிரஷரைக் கேட்டாரா, அடுத்த குழந்தையைக் கேட்டாரா என்று விளங்கவில்லை. செரி என்று சொல்லி, பட்டையைக் கழற்றினேன்.